ஹெதர்லியும் பொம்மை வண்டியும்

றூபெர்ட் எந்த வீட்டுக்குப் போனாலும் அவனுக்குக் கதிரை போடுவதற்கு முன்னர் அவனுடைய மோட்டார் சைக்கிளுக்குத் தட்டுப் போடுவார்கள். மட்டக்களப்புப் பட்டினத்தில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அவனுடைய ஹெதர்லி எங்கே நின்றாலும் எஞ்சினுக்குக் கீழே ஒயில் சொட்டும். நேற்றும் சொட்டியது, இன்றும் சொட்டுகிறது, நாளைக்கும் சொட்டும். முற்றத்துச் சீமெந்து பாழாகாமல் இருக்க, பழைய தகரத் தட்டு, ஓட்டைப் பேசின், பிஸ்கட் டின் மூடி என்று ஆளாளுக்கு ஒன்றை எடுத்து வைத்திருந்தார்கள். சுவாமியாரின் வீட்டில்கூட ஒன்று இருந்தது.

"என்ன மேன், இதுக்கு ஒரு வைத்தியம் பாக்கக் கூடாதா?" என்று யாராவது கேட்டால் றூபெர்ட் நெஞ்சை நிமிர்த்துவான்.

"ஒயில் ஒழுகினாத்தான் உள்ளுக்க ஒயில் கிடக்கு எண்டு தெரியும். ஒழுகாத வண்டியக் கண்டாத்தான் எனக்குப் பயம்."

இது அவன் சொந்தமாகக் கண்டுபிடித்த பதில் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஹெதர்லி கொம்பனித் துரைமாரே சொல்லிச் சொல்லிச் சிரித்த பகிடி அது. சிரித்துச் சிரித்தே கொம்பனியை இழுத்து மூடினார்கள்.

ஹெதர்லி என்றால் ஒரு காலத்தில் இங்கிலாந்தில் பெரிய பெயர். அதன் கெட்டித்தனத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் எஞ்சினை வரைந்தது இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னால். யுத்தம் முடிந்த பிறகும் அதே எஞ்சின்தான். அந்த யுத்தத்தில் பிறந்த குழந்தைகள் கலியாணம் முடிக்கும் வயதுக்கு வந்தபோதும் அதே எஞ்சின்தான். வருசா வருசம் 'புதிய மொடல்' என்று விளம்பரம் வரும். போய்ப் பார்த்தால் பெற்றோல் தாங்கியின் நிறம் மாறியிருக்கும். எஞ்சின் உறையை நிமிர்த்தி நடுவால் பிளந்து பொருத்துவது அவர்களுடைய பழக்கம். அந்தப் பொருத்து வழியாகத்தான் ஒயில் கசியும். யப்பான்காரன் வந்தான், அதே உறையைக் கிடையாகப் பிளந்தான், பொருத்தை ஒயில் மட்டத்துக்கு மேலே கொண்டுபோனான். கசிவு நின்றது. பொத்தானை அமத்தினால் ஸ்டார்ட் ஆகும்படியும் செய்தான்.

துரைமார் அதற்கும் சிரித்தார்கள். "பொம்மை வண்டி" என்றார்கள். "உதைத்து ஸ்டார்ட் பண்ணுவதுதான் எங்கள் ஆட்களுக்குப் பிடிக்கும்" என்றார்கள். "சின்ன வண்டியில் பழகட்டும், பழகின பிறகு எங்களிடம்தானே வரவேண்டும்" என்றார்கள். ஒருவரும் வரவில்லை. கடைசியில் தொழிற்சாலைக் கதவில் பூட்டுத் தொங்கியது. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொண்டே அவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

றூபெர்ட்டுக்கு இந்தக் கதை அடிமுதல் நுனிவரை தெரியும். தெரிந்தும் அவன் கொம்பனியின் பக்கம். ஹெதர்லி அவனுடைய சித்தப்பாவிடமிருந்து வந்தது, பக்கத்தில் பூட்டிய சைட்காரும் சேர்த்து. டச்பார்ப் பகுதியில் அவன் ஒரு லேத் பட்டறை வைத்திருந்தான். ஊராருடைய வேலை பாதி, ஹெதர்லிக்குக் கிடைக்காத சாமான்களைக் கடைந்தெடுப்பது பாதி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். றூபெர்ட்டின் குஞ்சு எட்டுக் கல் தொலைவில் வரும்போதே அதன் சத்தம் கேட்கும்.

புளியந்தீவில், கோயிலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் றீட்டா இருந்தாள். கணவன் இறந்து பல வருசமாயிற்று. கலியாணம், பிறந்தநாள், முதல் நன்மை எல்லாவற்றுக்கும் கேக் செய்வதுதான் அவளுடைய தொழில். பட்டினத்தில் அவளுக்கு நிகராக ஐசிங்கில் ரோசாப்பூப் போடுகிறவர் இல்லை. பெற்றோல் வரிசை நாட்டையே றோட்டில் நிறுத்திய வருசத்தில் அவள் பற்றரியில் ஓடும் ஸ்கூட்டி ஒன்று வாங்கினாள். அப்போது றூபெர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இது பொம்ம வண்டி, றீட்டா."

"பொம்மையோ என்னவோ, நான் வரிசையில நிக்கல்ல" என்றாள் றீட்டா. அந்தக் கிழமை முழுக்க ஹெதர்லி கொட்டிலில் நின்றது, பொம்மை வண்டி ஊரெல்லாம் கேக் கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் றூபெர்ட் அவள் வீட்டுக்குப் போவான். கோப்பி குடிப்பான், வெட்டிய கேக் ஓரங்களைத் தின்பான், ஒழுகும் பைப்பை இறுக்குவான், மத்தியானச் சோற்றுக்கு முன் எழும்பிவிடுவான். இப்படியே வருசங்கள் போயின. அவனுக்கு றீட்டா மேல் உயிர். அது ஒழுங்கையில் உள்ள நாய்களுக்கும் தெரியும். கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் அவன் கேட்கவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை என்று நினைத்தான். றீட்டா அங்கேதானே இருக்கிறாள்.

ஆடி மாதம் றீட்டாவின் அண்ணன் ட்றெவர் மெல்பேர்னில் இருந்து லீவில் வந்தான். வந்தவன் சும்மா வரவில்லை. தங்கச்சியைத் தன்னோடு அழைத்துக்கொள்வதற்கான ஏற்பாட்டை எல்லாம் விசாரித்துக்கொண்டு வந்திருந்தான். "அங்க உன்ட கேக்குக்கு வரிசையில நிப்பாங்க. இஞ்ச தனியக் கிடந்து என்ன செய்யப்போறாய்?" என்று கேட்டான். றீட்டா யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். பெரியகல்லாற்றில் அவனுடைய பள்ளிக்கூடக் கூட்டாளியின் மகள் பிரஷாந்திக்குக் கலியாணம். அன்றைக்கு முடிவு சொல்ல வேண்டும் என்று நாள் குறித்துவிட்டு, ட்றெவர் இரண்டு நாள் முந்தியே கலியாண வீட்டு வேலைக்குப் போய்விட்டான்.

இதைக் கேட்ட றூபெர்ட் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினான். இரவெல்லாம் யோசித்து அவன் ஒரு திட்டம் போட்டான். அந்தக் கலியாணக் கேக் றீட்டா செய்வது. வழமையாகக் கேக் ஏற்றும் ஓட்டோக்காரன் ஜெயரூபன் மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு ஆள் ஏற்றப் போய்விட்டான். மற்ற ஓட்டோக்களும் அப்படியே. ஆகவே ஹெதர்லியின் சைட்காரில் கேக்கை ராசா மாதிரி ஏற்றிப்போய் இறக்கி, கலியாண வீட்டு முற்றத்தில் வைத்து, ட்றெவர் வாயைத் திறப்பதற்கு முன் றீட்டாவிடம் கேட்டுவிட வேண்டும்.

"உன்ட வண்டியிலயா?" என்று றீட்டா கேட்டாள்.

"இந்த வண்டி பிஷப்பையே ஏத்தினது."

"பிஷப்புக்கு ஐசிங் இல்ல, றூபெர்ட்."

ஆனாலும் வேறு வழி இருக்கவில்லை. பெரிய தட்டு ஒரு பெட்டியில், சின்னத் தட்டு இன்னொரு பெட்டியில். இரண்டையும் சைட்காரில் தலையணை பரப்பி இருத்தினார்கள். பின்னால் காவலுக்கு வருவதாகச் சொல்லி றீட்டா தன் ஸ்கூட்டியை எடுத்தாள். றூபெர்ட் ஹெதர்லியை உதைத்தான். ஒழுங்கையில் இருந்த காகமெல்லாம் எழும்பியது.

கல்லடிப் பாலத்தில் வாவிக் காற்று முகத்தில் அடித்தது. றூபெர்ட் சந்தோசத்தில் பாடிக்கொண்டே ஓட்டினான். அவன் பாடுவது அவனுக்கே கேட்கவில்லை. பின்னால் வந்த றீட்டாவுக்குக் கேட்டது ஹெதர்லி மட்டும். கண்ணில் பட்டது சைட்கார் மட்டும். பெட்டிகள் இரண்டும் பறங்கியர் கலியாணத்துக் கப்ரிஞ்ஞா நடனம் ஆடிக்கொண்டிருந்தன. அந்த எஞ்சின் நடுங்குகிற நடுக்கத்தில் றூபெர்ட்டின் கண்ணாடியே மூக்கை விட்டு இறங்கி இறங்கி வரும். ரோசாப்பூ என்ன செய்யும்! அவள் ஹோர்ன் அடித்தாள். அந்தச் சின்ன 'பீப்' ஹெதர்லியின் காதில் ஏறுமா?

காத்தான்குடி கடைத்தெருவில், பேரீச்ச மரங்கள் நிற்கும் இடத்தில், ஹெதர்லி ஒரு இருமல் இருமி நின்றது.

றூபெர்ட் உதைத்தான். அது திருப்பி உதைத்தது. இறங்கிப் பார்த்தான். எஞ்சினின் நடுக்கத்தில் ஆணி ஒன்று கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. சட்டைப் பையில் இருந்த கம்பித் துண்டால் கட்டினான். பிளக்கைக் கழற்றி ஊதினான், மீண்டும் உதைத்தான். புடவைக் கடைகளில் இருந்து ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. றீட்டா பெட்டி மூடியைத் திறந்து பார்த்தாள். ஐசிங் வியர்க்கத் தொடங்கியிருந்தது. மூடியைச் சாத்திவிட்டுக் கையால் வெயிலை மறைத்தாள். 

எதிரில்தான் பஹ்மியின் கடை. யப்பான் மோட்டார் சைக்கிள்களும் அவற்றின் சாமான்களும் விற்கிற பெரிய கடை. பஹ்மி குடையோடு ஓடி வந்து கேக்குக்குப் பிடித்தான்.

"றூபெர்ட் அண்ணன், வண்டியக் கடைக்குள்ள தள்ளுவம். கேக்க நான் வேன் கிடைச்சா அனுப்புறன். எங்கட வேன் கல்முனைக்குப் போயிட்டு, லுஹர் தொழுகைக்குத்தான் வரும்."

"அதுக்குள்ள தாலியும் ஏறி, சாப்பாடும் முடிஞ்சிரும்" என்றாள் றீட்டா. "என்ட ஸ்கூட்டியில கொண்டு போகலாம். பெரிய பெட்டி கால் வைக்கிற இடத்தில நிக்கும். மத்தப் பெட்டியப் பிடிக்கத்தான் ஆள் வேணும்."

பஹ்மி ஸ்கூட்டியைப் பார்த்துச் சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை. கடைக்காரனின் சிரிப்பு.

"இதுலயா அக்கா? இது பொம்ம வண்டியெல்லோ. இப்ப எல்லாரும் இத வாங்குறாங்க, வாங்கட்டும். சின்ன வண்டியில பழகினாப் பிறகு எங்களிட்டத்தானே வரோணும்!"

குனிந்து கம்பி முறுக்கிக்கொண்டிருந்த றூபெர்ட்டின் கை அப்படியே நின்றது. இந்த வாக்கியத்தை அவன் எங்கே கேட்டிருக்கிறான்? சொல்லுக்குச் சொல் அதேதான். துரைமாரின் வாயில் இருந்ததை யப்பான்காரனின் வியாபாரி இப்போது பேசுகிறான். பஹ்மி நல்லவன், கெட்டிக்காரன். துரைமாரும் கெட்டிக்காரர்கள்தானே? அவர்களுக்கு என்ன தெரியாது? ஆள் போகமாட்டான் என்று நினைத்ததைத் தவிர அவர்கள் செய்த பிழை என்ன?

அவன் நிமிர்ந்து றீட்டாவைப் பார்த்தான். வெயிலில் முகம் சிவந்து, ஒரு கையால் பெட்டியை மறைத்துக்கொண்டு, அவள் போவதற்குத் தயாராக நின்றாள்.  அவள் போய்விடுவாள். இவ்வளவு காலமும் அவனுக்கு உறைக்காத விசயம், காத்தான்குடி நடுத்தெருவில் ஒயில் கையோடு நிற்கும்போது உறைத்தது. அவள் மெல்பேர்னுக்குப் போய்விடுவாள், அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று உதைத்துக்கொண்டிருப்பான்.

"தம்பி, திறப்ப வைச்சுக்கொள்" என்று ஹெதர்லியின் திறப்பைப் பஹ்மியிடம் கொடுத்தான். "உள்ளுக்கத் தள்ளி விடு. கீழ ஒரு தட்டு வை. றீட்டா, வண்டிய எடு. சின்னப் பெட்டிய நான் பிடிக்கிறன்."

 றூபெர்ட் ஹெதர்லியை றோட்டில் விட்டுப்போவது காத்தான்குடிக்காரர் யாரும் காணாத காட்சி. றீட்டாவும் ஒரு தரம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு லேஞ்சியை நனைத்து நீட்டினாள். "முதல்ல கையத் துட. கேக்கில ஒயில் பட்டா உன்னச் சும்மா விடமாட்டன்."

ஸ்கூட்டி புறப்பட்டது. புறப்பட்டது என்று றூபெர்ட்டுக்குத் தெரியவில்லை. கடைகள் பின்னால் நகர்வதைக் கண்டபிறகுதான் விளங்கியது. மடியில் கேக், முன்னால் றீட்டாவின் முதுகு, கீழே ஒரு சத்தமும் இல்லை. ஆரையம்பதியில் ஒரு மேடு வந்தது.

"றீட்டா! மேடு! மெதுவாப் போ!"

கோயில் வாசலில் நின்ற ஆடுகள் சிதறின. கடையில் தேத்தண்ணி குடித்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன் கத்துறாய்? எனக்குக் காது கேக்குது" என்றாள் றீட்டா, வீட்டில் பேசுகிற குரலில்.

றூபெர்ட்டுக்கு வெட்கமாகப் போயிற்று. வண்டியில் ஏறினால் அவனுக்குத் தெரிந்தது ஒரே குரல்தான். ஹெதர்லியில் போய்க்கொண்டு "தண்ணி குடிப்பமா" என்று கேட்பதென்றாலும் அடிவயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். இளவயது முதல் அதுவே பழக்கம். அவன் வாயை மூடிக்கொண்டான். கிரான்குளம் போனது, செட்டிபாளையம் போனது. வயல் காற்றும் கடல் காற்றும் மாறி மாறி வந்தன. நெஞ்சுக்குள் மட்டும் ஹெதர்லி ஓடிக்கொண்டிருந்தது. முற்றத்தில் வைத்துக் கேட்பதாகத்தான் திட்டம். ஆனால் முற்றத்தில் ட்றெவர் நிற்பான். அவன் முந்திவிட்டால்? கேட்பதென்றால் இப்போதே கேட்க வேண்டும். களுத்தாவளையில் கேட்போம் என்று நினைத்தான், களுத்தாவளை கடந்துவிட்டது. அடுத்த வளைவில் கேட்போம் என்றான், வளைவும் கடந்துவிட்டது.

களுவாஞ்சிக்குடிச் சந்தியில் பொலிஸ்காரர் கையை நீட்டி வாகனங்களை மறித்தார். முன்னால் ஒரு பஸ், பக்கத்தில் மீன் கூடைகள், பின்னால் வரிசை. ஸ்கூட்டி நின்றது. றூபெர்ட் கண்ணை மூடி, சிலுவை அடையாளம் போட முடியாததால் மனதுக்குள் போட்டு, மூச்சை இழுத்தான். பயம் வந்தால் மனிதனுக்குப் புதுப்பழக்கம் மறந்துபோகும், பழைய பழக்கம்தான் கைகொடுக்கும். அவனுக்குக் கைகொடுத்தது தொண்டை.

"றீட்டா! மெல்பேர்னுக்குப் போகாத! என்னக் கலியாணம் முடி!"

சந்தி அப்படியே நின்றது. பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் வரிசையாக வந்தன. பொலிஸ்காரர் நீட்டிய கையை இறக்க மறந்தார், மற்றப் பக்கத்தையும் மறித்தார். கூடைக்குப் பின்னால் குந்தியிருந்த சீதேவிப்பிள்ளை, அந்தச் சந்தியில் வாவி இறாலும் நண்டும் விற்கும் மனுசி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு எழும்பினாள்.

"ஓம் எண்டு சொல்லன் புள்ள! வெறுங்கையோடயா வந்து கேக்காரு, கேக்கோட எல்லோ வந்து கேக்காரு!"

பஸ்ஸில் விசில் பறந்தது. றீட்டாவின் காது மடல்கள் இரண்டும் செவ்விரத்தம் பூவாகின. அவள் திரும்பவே இல்லை.

"கேக்க ஒழுங்காப் பிடி" என்றாள் மெதுவாக. பிறகு பொலிஸ்காரரைப் பார்த்து, "ஐயா, எங்கள விடுங்க, இது உருகிரும்" என்றாள். அவர் சலூட் அடித்து வழி விட்டார்.

ஓந்தாச்சிமடம் வந்தது. பாலத்தில் ஏறியபோது, இரு பக்கமும் தண்ணீர் மின்னும்போது, றீட்டா கேட்டாள்.

"இவ்வளவு வருசமா ஏன் கேக்கல்ல?"

பொய் சொல்ல றூபெர்ட்டுக்கு நேரமும் இல்லை, திறமையும் இல்லை. "நீ எங்க போகப்போறாய் எண்டு நினச்சிட்டன்."

"ஹெதர்லிக்காரனும் இதத்தானே நினச்சான்."

"ஓம்" என்றான் றூபெர்ட். இப்போது அவன் குரல் இறங்கியிருந்தது. "அவன் கடைசி வரைக்கும் மாறல்ல, றீட்டா. கதவப் பூட்டின பிறகும் மாறல்ல. நான் திறப்பக் குடுத்திட்டு வந்திட்டன்."

 கோட்டைக்கல்லாறு கழிந்தது, பெரியகல்லாற்றுத் தேவாலயத்தின் கோபுரம் தெரிந்தது. ஓட்டத்தில் அவள் தோள் ஆடுகிறதா, சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று பின்னால் இருந்தவனுக்கு விளங்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, வண்டி இன்னும் கொஞ்சம் சத்தம் போடாதா, தன் நெஞ்சடிப்பு வெளியே கேட்காமல் இருக்குமே என்று ஏங்கினான்.

கலியாண வீட்டில் வரவேற்பு ஏக தடபுடல். பெட்டிகளைத் திறந்தார்கள். ஹெதர்லி ஆட்டிய ஆட்டத்தில் ரோசாப்பூக்கள் மூன்று சரிந்திருந்தன, ஒரு ஓரத்தில் வெடிப்பு. ஸ்கூட்டியில் வந்தபிறகு ஒன்றும் கூடவில்லை. றீட்டா சட்டைக் கையை மடித்து, கத்தியும் ஐசிங் பையும் எடுத்து வேலையில் இறங்கினாள். றூபெர்ட் பக்கத்தில் கைகட்டி நின்றான். அவள் கேட்டதை எடுத்துக் கொடுத்தான்.  சரிந்த பூ ஒவ்வொன்றாக நிமிர்ந்தது, வெடிப்பு ஒரு வெள்ளைக் கொடிக்குள் மறைந்தது. பிரஷாந்தி வந்து எட்டிப் பார்த்து, "அன்ரி, என்ன வடிவு!" என்று கட்டிப்பிடித்துவிட்டு ஓடினாள்.

அப்போதுதான் ட்றெவர் வந்தான். கோட்டும் சூட்டும், கையில் குளிர்ந்த கிளாஸ். தங்கச்சியைக் கண்டு முகம் மலர்ந்தான். நல்ல மனிதன், பாவம், தங்கச்சி மேல் பாசம் உள்ளவன். 

"எப்பிடி மேன், றூபெர்ட்! ஊரையே எழுப்பிற உன்ட வண்டிச் சத்தம் ஒண்டும் கேக்கல்ல?" என்று அவன் முதுகில் தட்டினான். பிறகு றீட்டாவின் பக்கம் திரும்பினான். "சரி. இண்டைக்குச் சொல்லுறன் எண்டாய். நான் போனதும் வேலையத் தொடங்கட்டா?"

றீட்டா கடைசி இலையைப் போட்டு முடித்தாள். பின்வாங்கி நின்று கேக்கைப் பார்த்தாள். ஐசிங் பையைச் சுருட்டி, கேளாமலே நீண்ட றூபெர்ட்டின் கையில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"தொடங்காத, அண்ணன். நான் வரல்ல."

"ஏன்? இஞ்ச அப்பிடி என்ன கிடக்கு உனக்கு?"

"திரும்பிப் போகக்க களுவாஞ்சிக்குடிச் சந்தியில இறங்கிக் கேட்டுப் பார்" என்றாள் றீட்டா. "அங்க எல்லாருக்கும் தெரியும்."

ட்றெவர் விளங்காமல் தங்கச்சியைப் பார்த்தான், பிறகு அவர்களுடைய கைகளைப் பார்த்தான், பிறகு கண்ணாடி மூக்கில் இறங்கியபடி கண்கலங்கி நிற்கும் றூபெர்ட்டைப் பார்த்தான். இருவர் கைக்கும் நடுவே நசுங்கிய பையிலிருந்து ஐசிங் வழிந்து, றூபெர்ட்டின் ஒரே நல்ல காற்சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அசையவில்லை.